மூளை செல்களைக் காக்குமா ஆன்டிஆக்ஸிடன்ட்?

பக்கவாதம், பார்கின்சன், மறதி நோய் என எதற்காக நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தாலும், மருந்துச் சீட்டின் கடைசி வரியில் ஒரு சத்து மாத்திரை இருப்பது நம் ஊரில் சாதாரணம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் விட்டமின் ஈ, செலினியம், லைகோபீன், கோஎன்சைம் க்யூ10, ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள். மருத்துவர் எழுதாவிட்டாலும் வீட்டில் யாராவது வாங்கி வந்துவிடுகிறார்கள். மூளை செல் சாகாமல் பார்த்துக்கொள்ளும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொல்லியிருப்பார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலின் முதல் பாதி உறுதியானது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே மூளை செல்களைச் சேதப்படுத்துகிறது. பல மூளை நோய்களில் அந்தச் சேதத்தின் தடயங்களைக் கண்ணால் பார்க்கலாம், அளவிடலாம். அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்டை வெளியிலிருந்து கொடுத்தால் செல் பிழைத்துவிடும் என்பது இரண்டாவது பாதி. சோதனைக்கு வந்தபோது பெரும்பாலும் தோற்றது அதுதான். ஏன் தோற்றது என்பதும், தோற்காத சில இடங்களில் என்ன வித்தியாசம் என்பதும் மாத்திரை வாங்கும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களிடம் யாரும் இதை உட்கார்ந்து சொல்வதில்லை.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. உடல் எடையில் அது 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் மூளைக்கே போகிறது. நரம்பு செல்லுக்கு ஓய்வு கிடையாது. ஒவ்வொரு மின்துடிப்புக்குப் பிறகும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதற்கான ஆற்றலைத் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதன் உள்சவ்வில் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகின்றன. போகிற வழியில் சில எலக்ட்ரான்கள் நழுவி, நேராக ஆக்சிஜன் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்போது உருவாவது சூப்பராக்சைடு. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். பெராக்சைடு தனியாக இருக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லை. பக்கத்தில் கட்டுப்படாத இரும்பு இருந்துவிட்டால்தான் வினை. இரண்டும் சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். ராடிக்கல் என்பது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு, பக்கத்தில் இருப்பதோடெல்லாம் வினைபுரியத் துடிக்கும் துகள். உடலுக்குள் உருவாகும் ராடிக்கல்களிலேயே இதுதான் மிகக் கொடியது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஹென்றி ஃபென்டன் 1894-லேயே எழுதியிருக்கிறார். இன்றும் அதற்கு ஃபென்டன் வினை என்றுதான் பெயர்.

மூளைக்கு இன்னும் இரண்டு பலவீனங்கள் உண்டு. நரம்பு செல்களின் சவ்வில் டிஎச்ஏ போன்ற, பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பமிலங்கள் அதிகம். சவ்வு நெகிழ்வாக இருக்க அவை தேவை. ஆனால் ராடிக்கல் முதலில் கை வைப்பதும் அவற்றின் மேல்தான். ஒரு கொழுப்பமிலம் பாதிக்கப்பட்டால் அது அடுத்ததைத் தாக்கும், அடுத்தது அதற்கடுத்ததை. சவ்வு நெடுகச் சங்கிலியாகச் சேதம் ஓடும். இரண்டாவது, பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி கல்லீரலில் இருக்கும் அளவுக்கு மூளையில் இல்லை.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மூளையை வெட்டிப் பார்த்தால் கறுத்த பட்டையாகத் தெரியும். அங்கிருக்கும் செல்கள், நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் டோபமைனைத் தயாரிக்கின்றன. டோபமைன் தானாகவே ஆக்சிஜனோடு வினைபுரியக்கூடிய பொருள். அப்படி வினைபுரிந்தவற்றின் மிச்சம் சேர்ந்து உருவாகும் நியூரோமெலனின்தான் அந்தக் கறுப்பு. மீந்த டோபமைனை எம்ஏஓ என்ற நொதி சிதைக்கும்போது பக்கவிளைவாக ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. இரும்பும் இந்த இடத்தில் அதிகம். ஒவ்வொரு செல்லின் நீளிழையும் கிளை கிளையாகப் பிரிந்து லட்சக்கணக்கான இணைப்புகளுக்கு ஆற்றல் வழங்க வேண்டும். சேதத்துக்கு வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. பார்கின்சன் நோயில் செத்துப்போவது இந்தச் செல்கள்தான். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, செல்லின் சொந்தப் பாதுகாப்புப் பொருளான குளூட்டதையோன் இந்த இடத்தில் வெகுவாகக் குறைந்திருந்தது. இதையெல்லாம் பார்த்த எந்த ஆராய்ச்சியாளருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்துப் பார்க்கத் தோன்றியிருக்கும். அதில் தவறே இல்லை.

அந்த யோசனைக்கு அடித்தளமும் நல்லதாகவே இருந்தது. முதுமைக்குக் காரணம் ஃப்ரீ ராடிக்கல்கள் என்று 1956-ல் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். 1969-ல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் சூப்பராக்சைடை அழிக்க என்றே உடலில் ஒரு நொதி இருப்பதைக் காட்டினார்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்ஓடி. ஒரு பொருளை அழிக்க உடல் தனியாக ஒரு நொதியை வைத்திருக்கிறது என்றால், அந்தப் பொருள் உண்மையிலேயே ஆபத்தானதாகத்தான் இருக்க வேண்டும்.

1987-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டாட்டாடாப் என்ற சோதனை தொடங்கியது. ஆரம்ப நிலையில் இருந்த 800 பார்கின்சன் நோயாளிகள். அவர்களில் சிலருக்கு எம்ஏஓ நொதியைத் தடுக்கும் செலிஜிலின் மருந்து, சிலருக்கு ஒரு நாளைக்கு 2,000 யூனிட் விட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2,000 யூனிட் என்றால் நம் மருந்துக் கடைகளில் பச்சை நிறத்தில் கிடைக்கும் 400 மில்லிகிராம் கேப்ஸ்யூல் தினமும் ஐந்து. 1993-ல் முடிவு வெளியானது. செலிஜிலின் எடுத்தவர்களுக்கு, பார்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபா தொடங்க வேண்டிய நாள் சில மாதங்கள் தள்ளிப்போனது. விட்டமின் ஈ எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பிறகு வந்தது கோஎன்சைம் க்யூ10. 2002-ல் 80 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், அதிக அளவு எடுத்தவர்களுக்கு நோய் மெதுவாக முற்றுவதுபோல் தெரிந்தது. உலகம் முழுக்கப் பார்கின்சன் குடும்பங்கள் அதை வாங்க ஆரம்பித்தன. அப்புறம் 600 பேரை வைத்துப் பெரிய சோதனை, நாளொன்றுக்கு 1,200 அல்லது 2,400 மில்லிகிராம். தொடர்ந்தாலும் பலன் தெரியப் போவதில்லை என்று 2011-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அடுத்தது யூரிக் அமிலம். அதுவும் ரத்தத்தில் ஓடும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். அது அதிகம் உள்ளவர்களுக்குப் பார்கின்சன் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. சரி, ஏற்றிப் பார்ப்போம் என்று 298 நோயாளிகளில் பாதிப் பேருக்கு, உடலில் யூரிக் அமிலமாக மாறும் இனோசின் கொடுத்தார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியது, நோயின் போக்கு மாறவில்லை, சிறுநீரகக் கல்தான் கூடியது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2022-ல் வந்த இன்னொரு முடிவு. இரும்புதானே ராடிக்கலை உண்டாக்குகிறது, அதையே எடுத்துவிட்டால் என்ன என்று ஐரோப்பாவில் 372 பேருக்கு ஒரு சோதனை நடந்தது. புதிதாகப் பார்கின்சன் கண்டறியப்பட்டு இன்னும் லெவோடோபா தொடங்காதவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு டெஃபெரிப்ரோன் என்ற இரும்பு நீக்கி. ஸ்கேனில் பார்த்தால் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இரும்பு குறைந்திருந்தது. மருந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. ஆனால் மருந்து எடுத்தவர்களின் நிலை எடுக்காதவர்களைவிட மோசமானது. டோபமைன் தயாரிக்கும் நொதி வேலை செய்யவும் அதே இரும்பு வேண்டுமே!

மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 1997-ல் மிதமான நிலையில் இருந்த 341 நோயாளிகளுக்கு அதே 2,000 யூனிட் விட்டமின் ஈ கொடுத்தபோது நினைவாற்றல் மேம்படவில்லை. ஆனால் காப்பகத்தில் சேர வேண்டிய நிலை, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத நிலை போன்றவை சில மாதங்கள் தாமதமாக வந்தன. 2014-ல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 613 பேரிடம் நடந்த சோதனையிலும் இதே மாதிரி. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்றவற்றில் வரும் சரிவு ஆண்டுக்கு 19 சதவீதம் மெதுவானது. இரண்டேகால் ஆண்டில் அது ஏறத்தாழ ஆறு மாத லாபம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ ஆறு மாதம் சின்ன விஷயமில்லை. ஆனால் நோய் வராமல் தடுக்கும் வேலையில் இதே விட்டமின் கைகொடுக்கவில்லை. லேசான மறதி உள்ள 769 பேருக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்தும் அல்சைமர் வரும் வேகம் குறையவில்லை. நலமாக இருந்த 7,500-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு விட்டமின் ஈயும் செலினியமும் கொடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2017-ல் வந்த முடிவு: மறதி நோய் எல்லோருக்கும் ஒரே அளவில்தான் வந்தது. கிங்கோ பிலோபா என்ற மரத்தின் இலைச் சாற்றுக் கதையும் இதுதான். 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் பலன் இல்லை என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. கடைகளில் இன்னும் விற்கிறார்கள்.

பக்கவாதத்தில்தான் நம்பிக்கை உச்சத்துக்குப் போய் விழுந்தது. ரத்தக்குழாய் அடைத்து, பிறகு ரத்தம் திரும்பப் பாயும்போது மூளையில் ராடிக்கல்கள் வெள்ளமாகக் கிளம்பும் என்பது விலங்குகளில் தெளிவாகத் தெரிந்திருந்தது. என்எக்ஸ்ஒய்-059 என்று ஒரு மருந்து. ராடிக்கலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வேதிப்பொருள். ஆஸ்ட்ராசெனிகா நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. எலியிலும் குரங்கிலும் நன்றாக வேலை செய்தது. பக்கவாத மருந்துகளை மனிதருக்குக் கொண்டுபோகுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நிபுணர்கள் வகுத்திருந்த விதிகளுக்கு இது நல்ல உதாரணம் என்று பாராட்டினார்கள். முதல் பெரிய சோதனை 1,722 நோயாளிகளிடம் நடந்தது. 2006-ல் வெளியான முடிவில் மருந்து பெற்றவர்களின் ஊனம் சற்றுக் குறைந்திருந்தது. அந்தப் பலன் சின்னது, உறுதிப்படுத்த வேண்டியது. அதனால் 3,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் இரண்டாவது சோதனை. அதில் பலன் பூஜ்யம். நிறுவனம் மருந்தைக் கைவிட்டது.

பிற்பாடு பழைய விலங்குச் சோதனைகளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார்கள். எந்த விலங்குக்கு மருந்து, எதற்கு வெற்று ஊசி என்று குலுக்கல் முறையில் பிரித்து, அளவிடுபவருக்கு அது தெரியாமல் மறைத்துச் செய்த ஆய்வுகளில் பலன் சிறிதாக இருந்தது. அப்படிச் செய்யாத ஆய்வுகளில் பலன் பெரிதாக இருந்தது. ஆய்வகத்தில் சோதனை எவ்வளவு கவனமாக நடந்ததோ, அவ்வளவு மருந்தின் சக்தியும் சுருங்கியிருக்கிறது. எலியில் மூளை செல்லைக் காப்பாற்றியதாக இன்றும் வாரம் தவறாமல் செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை தோல்விக்கும் ஒரே காரணம் கிடையாது. ஆனால் முக்கியமானது எளிய கணக்கு. ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் நானோ நொடிகளில்தான் இருக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் நகர்வதற்குள் எதன் மேலாவது மோதி வினைபுரிந்துவிடும். நெரிசலான டவுன் பஸ்ஸில் பிக்பாக்கெட்காரன் தன்னை இடித்துக்கொண்டு நிற்பவரின் பையில்தான் கை வைப்பான். பின்படிக்கட்டில் ஒரு போலீஸ்காரர் நின்று என்ன பயன்? செல்லுக்குள் புரதங்களும் கொழுப்புகளும் சர்க்கரையும் அப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை முந்திக்கொண்டு, தாவர ஆன்டிஆக்ஸிடன்டான ஒரு பாலிஃபினால் அந்த ராடிக்கலைப் பிடிக்க வேண்டுமானால், அந்தச் செல்லில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் இருந்தாக வேண்டும். நாம் சாப்பிடும் பழத்திலிருந்தும் மாத்திரையிலிருந்தும் ரத்தத்துக்கு வருவதே சொற்பம். மூளையைச் சுற்றியுள்ள ரத்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே போவது அதிலும் சொற்பம். சோதனைக்குழாயில் ஒரு பழச்சாறு எத்தனை ராடிக்கலை அழிக்கிறது என்று அளக்கும் ஓராக் மதிப்பெண்ணை விளம்பரங்கள் ஒரு காலத்தில் பெரிதாகப் போட்டன. உடலுக்குள் நடப்பதோடு அந்த எண்களுக்குத் தொடர்பில்லை என்று சொல்லி, அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-ல் அந்தப் பட்டியலையே தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.

செல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதமே வேறு. ராடிக்கல் பிறந்தபின் துரத்துவதை அது பெரிதாக நம்பியிருக்கவில்லை. சூப்பராக்சைடு நிலையிலேயே எஸ்ஓடி பிடித்துவிடும். வரும் பெராக்சைடைக் கேட்டலேஸும், குளூட்டதையோனைப் பயன்படுத்தும் நொதிகளும் நீராக்கிவிடும். இரும்பை ஃபெரிட்டின் புரதம் பூட்டி வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் லட்சக்கணக்கில் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துவிட்டு மறுபடி தயாராக நிற்கிறது. ஒரு விட்டமின் ஈ மூலக்கூறு ஒன்றிரண்டு ராடிக்கலைத் தடுத்ததும் தீர்ந்துவிடும். விட்டமின் சி வந்து அதைப் புதுப்பித்தால்தான் அடுத்த வேலை. சவ்வில் ஓடும் சங்கிலிச் சேதத்தை அறுக்க விட்டமின் ஈ அவசியம்தான். ஆனால் அதற்கு வேண்டிய அளவு சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவரின் சவ்வில் ஏற்கெனவே இருக்கிறது. மேலும் மேலும் கொட்டுவதால் வேலை கூடுவதில்லை.

இன்னொரு காரணம், ராடிக்கல்களும் பெராக்சைடும் வெறும் கழிவல்ல. செல்லுக்குள் சேதி சொல்லும் வேலையும் அவற்றுக்கு உண்டு. ஜெர்மனியில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்த 40 இளைஞர்களில் பாதிப் பேருக்கு விட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. பயிற்சியின்போது உருவாகும் ராடிக்கல்தான் தற்காப்பு நொதிகளை அதிகம் தயாரிக்கச் சொல்லி உடலுக்கு அறிவிக்கிறது. மாத்திரை அந்தச் சேதியை அமுக்கிவிட்டது.

மூன்றாவது, சேதம் நோயின் காரணமா, விளைவா என்ற கேள்வி. ஏஎல்எஸ் என்ற நரம்புத் தசை நோய் பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் எஸ்ஓடி1 மரபணு பழுதாகியிருப்பதை 1993-ல் கண்டுபிடித்தார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் நொதியின் மரபணுவே பழுது என்றதும், ராடிக்கலை அழிக்க ஆளில்லாமல்தான் செல் சாகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த மரபணுவை முழுக்க நீக்கிய எலிகளுக்கு ஏஎல்எஸ் வரவில்லை. இயல்பான நொதி இருக்க, பழுதான மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்த எலிகளுக்குத்தான் வந்தது. நொதி குறைந்ததால் அல்ல, வடிவம் குலைந்த புரதம் நஞ்சானதால்தான் செல் செத்தது. அந்தப் புரதம் தயாராவதையே குறைக்கும் டோஃபெர்சென் மருந்துக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. ராடிக்கலை நம்பி மட்டும் ஓடியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

நம் வீட்டு மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள் சாப்பிடுவதால்தான் இந்தியர்களுக்கு அல்சைமர் குறைவு என்ற பேச்சுக்கு மூலம், ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் நடந்த இந்திய அமெரிக்கக் கூட்டு ஆய்வு. 2001-ல் வந்த அதன் முடிவில், அங்கே புதிதாக அல்சைமர் வருவோர் விகிதம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கண்டதைவிட மிகக் குறைவாக இருந்தது. ஆய்வு செய்தவர்கள் மஞ்சளை அளக்கவில்லை. மற்றவர்கள்தான் பிறகு முடிச்சுப் போட்டார்கள். நாடு தழுவிய புதிய கணக்கெடுப்பு 2023-ல் வந்தபோது, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டார்கள். இவர்கள் வீட்டுச் சமையலிலும் மஞ்சள் இல்லாமல் இல்லை.

மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் அதில் 3 சதவீத அளவில்தான் இருக்கிறது. அது குடலிலும் கல்லீரலிலும் வேகமாக மாற்றப்பட்டு வெளியே போய்விடும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. இன்று குர்குமின் கேப்ஸ்யூல் பெட்டிகளில் அச்சாகும் அந்த எண்ணின் பிறப்பிடம் இதுதான். நல்ல ஆய்வு. ஆனால் பைப்பரின் இல்லாமல் ரத்தத்தில் இருந்தது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பதையும் அது சொல்கிறது. ஒன்றுமில்லாததை இருபது மடங்காக்கினாலும் மூளைக்குப் போதாது. அல்சைமர் நோயாளிகளுக்குத் தினமும் 2 அல்லது 4 கிராம் குர்குமின் 24 வாரம் கொடுத்த ஆய்வில் பலன் தெரியவில்லை. பைப்பரின் சேர்த்த கேப்ஸ்யூலால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். தினமும் கிராம் கணக்கில் விழுங்கும் சாறுதான் வேறு விஷயம்.

சரி, வேலை செய்த இடங்கள்? இருக்கின்றன. அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது.

மிகத் தெளிவானது விட்டமின் ஈ பற்றாக்குறையால் வரும் தள்ளாட்ட நோய். சாப்பாட்டில் விட்டமின் ஈ இருக்கும், குடலும் உறிஞ்சும். ஆனால் அதைக் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றிவிடும் புரதத்தின் மரபணு பழுதாகியிருக்கும். வட ஆப்பிரிக்கக் குடும்பங்களில் அதிகம் காணப்பட்ட இந்த நோய்க்கு எந்த மரபணு காரணம் என்று 1995-ல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் 20 வயதுக்குள் நடை தடுமாறத் தொடங்கும், பேச்சுக் குழறும். வாழ்நாள் முழுக்க அதிக அளவு விட்டமின் ஈ கொடுத்தால் நோய் அத்தோடு நிற்கும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் வராமலே தடுக்கலாம். காரணமில்லாமல் நடை தள்ளாடும் இளைஞருக்கு ரத்தத்தில் விட்டமின் ஈ அளவைப் பார்க்காமல் விடக்கூடாது என்பது அதனால்தான். இங்கே ஆன்டிஆக்ஸிடன்ட் உண்மையிலேயே மூளையைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் உண்மையிலேயே குறைந்திருப்பது அதுதான்.

இன்னொன்று எடரவோன். ராடிக்கலைப் பிடிக்கும் இந்த மருந்தை ஜப்பான் 2001-ல் பக்கவாதத்துக்கு அனுமதித்தது. இந்தியாவிலும் பயன்படுத்துகிறார்கள். ஏஎல்எஸ் நோய்க்கு 2015-ல் ஜப்பானும் 2017-ல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அதற்கு ஆதாரம் 137 நோயாளிகளின் ஆறு மாதச் சோதனை. நோயாளியின் அன்றாடச் செயல்திறனை அளக்கும் 48 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி வித்தியாசம். அதுவும் நோய் ஆரம்பத்தில் இருந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து. அதற்கு முன் இன்னும் பலதரப்பட்ட நோயாளிகளைச் சேர்த்து நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. பிறகு ஜெர்மனியில் சிகிச்சையில் இருந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோதும் தெரியவில்லை. சீனாவில் டெக்ஸ்போர்னியால் என்ற பொருளோடு சேர்த்து எடரவோனைப் பக்கவாதத்துக்குத் தருகிறார்கள். எடரவோனைத் தனியாகக் கொடுப்பதைவிட அது நல்ல பலன் தந்ததாக, ஏறக்குறைய 1,200 பேரின் சோதனை 2021-ல் சொன்னது. மற்ற நாடுகளிலும் அப்படி நிரூபணமானால் மகிழ்ச்சி. இப்போதைக்கு எடரவோனைச் சிறிய உதவி என்று சொல்லலாம், அதற்கு மேல் இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது வழி. செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்துச் சிதைத்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் சேதம் கூடும்போது பிடி தளரும், என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போகும். குளூட்டதையோன் தயாரிக்கும் நொதிகள், இரும்பைப் பூட்டும் ஃபெரிட்டின் உள்ளிட்ட 200-க்கும் மேற்பட்ட மரபணுக்களை முடுக்கிவிடும். ராடிக்கலைப் பிடிக்க ஆள் அனுப்புவதை விட்டுவிட்டு, செல்லின் சொந்தப் படையையே எழுப்புவது இந்த வழி. ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா என்ற பரம்பரை நோயில் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு தேங்கிச் சேதம் செய்கிறது. நேரடி ஆன்டிஆக்ஸிடன்டான ஐடெபினோன் அதில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. என்ஆர்எஃப்2-ஐ முடுக்கும் ஒமவெலாக்சலோனுக்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 103 பேரின் 48 வாரச் சோதனையில், நோயின் கடுமையை அளக்கும் அளவுகோலில் சுமார் 2.4 புள்ளி வித்தியாசம். அதிசயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை ஒன்றுமே இல்லாத நோய் அது.

அதிக அளவில் எடுத்தால் கெடுதலாவது இருக்காதே என்று நினைப்பவர்கள் ஒரு பழைய சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைப்பிடிக்கும் ஆண்களுக்கு விட்டமின் ஈ-யும் பீட்டா கரோட்டினும் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். விட்டமின் ஈ எடுத்தவர்களில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவர்கள் அதிகம். 2011-ல் இன்னொரு பெரிய சோதனை, நாளுக்கு 400 யூனிட் விட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதைக் காட்டியது. மூளைக்கு நல்லது என்று அப்பாவுக்கு வாங்கித் தருகிற மாத்திரை இதுதான்.

உணவைப் பற்றியும் கேட்பார்கள். விட்டமின் ஈ உள்ள உணவை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவு என்று ரோட்டர்டாமிலும் சிகாகோவிலும் நடந்த ஆய்வுகள் 2002-ல் சொல்லின. மாத்திரையாக எடுத்தவர்களிடம் சிகாகோ ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. நிலக்கடலை, கீரை, நல்லெண்ணெய், மீன், பழம் எல்லாம் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதற்காகத்தான் அவை நல்லவை என்று சொல்ல ஆதாரம் போதாது. மறதி நோயைத் தள்ளிப்போட எதைக் கவனிக்க வேண்டும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் 14 காரணிகளைச் சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றாக்குறை அதில் இல்லை. மாதாமாதம் சத்து மாத்திரைக்குப் போகும் பணத்தைச் சேர்த்து வைத்து அம்மாவுக்கு ஒரு காது கேட்கும் கருவி வாங்கலாம். அதற்கான ஆதாரம் மாத்திரைக்கான ஆதாரத்தைவிட வலுவானது.

அல்சைமர் ஏற்கெனவே உறுதியான ஒருவருக்கு மருத்துவர் அதிக அளவு விட்டமின் ஈ எழுதினால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. 2014 சோதனை அவருக்குத் துணை நிற்கிறது. அப்போது கேட்க வேண்டியவை வேறு. அவர் வார்ஃபரினோ, ஆஸ்பிரினோ, குளோபிடோக்ரெலோ எடுக்கிறாரா? விட்டமின் ஈ-யும் ரத்தம் உறைவதைக் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் கசிவு ஆபத்து கூடும். மூளையில் முன்பே ரத்தக் கசிவு வந்திருக்கிறதா? பல் பிடுங்குவது, கண் அறுவை என்று ஏதாவது வரப்போகிறதா? அப்படியானால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்? சீட்டில் உள்ள மற்ற சத்து மாத்திரைகளிலும் விட்டமின் ஈ இருக்கிறதா? அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் அளவுகளை எல்லாம் ஒரு தாளில் கூட்டி எழுதிக்கொண்டு போனால், அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.